இடுகாடும் தோப்பும்

மேய்ச்சல் தரை, போரடிக்கும் களம், இடுகாடு சுடுகாடு, மாட்டு மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு. இவை அனைத்தும் ஒரே வரிசையில் எண்ணப்பெறும் இடம் ஒன்று உண்டு. அது இலக்கியம் அன்று, சட்டம். 1958ஆம் ஆண்டில் நிறைவேறிய சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம், ஊரிலுள்ள இந்த ஆறு வகைப் புறம்போக்கு நிலங்களின் பயனை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கிராமப் பஞ்சாயத்துக்கு அளித்தது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அந்த வரிசையை அப்படியே ஏற்றுக்கொண்டது. இறந்தாரைப் புதைக்கும் இடத்தையும், எருமை இளைப்பாறும் இடத்தையும், மாமரம் நிழல் தரும் இடத்தையும் ஒரே நூலில் கோத்தவர்கள் விளையாட்டாக அவ்வாறு செய்யவில்லை. அந்த வரிசைக்குப் பின்னால் நம் நாட்டு நில வரலாறு நெடுந்தூரம் கிடக்கிறது. சேலம், நாமக்கல் சமவெளியை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் புறம்போக்கு என்னும் சொல்லைப் பார்ப்போம். அரசாங்கத்தின் வரிக் கணக்குக்குப் புறம்பாகப் போன நிலம் புறம்போக்கு. உழுது பயிரிடுவதற்குப் பட்டா உண்டு, தீர்வை உண்டு. ஊரார் எல்லோரும் புழங்கும் நிலத்துக்கு இரண்டும் இல்லை. ஆகவே அது கணக்கில் வேறாக வைக்கப்பட்டது. இக்காலத்தில் ஒருவரை ஏசுவதற்கு இச்சொல்லை ஆளுவோர் உண்டு. ஏசுவோரும் ஏசப்படுவோரும் முடிவில் போய்ச் சேரும் இடம் புறம்போக்கே என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

சட்டமும் கணக்கும் தோன்றுவதற்கு மிக முன்னரே இச்சமவெளி மக்கள் இறந்தாருக்கென்று தனி நிலம் ஒதுக்கி வாழ்ந்தவர்கள். மேட்டூர்ப் பக்கத்து மாங்காடு, தெலுங்கனூர் என்னும் ஊர்களிலுள்ள பண்டைய ஈமக்காடுகளில் இரும்பு வாள்கள் கிடைத்தன. அறிவியல் முறையில் காலம் கணித்தபோது அவை 3,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்பது புலனாயிற்று. அன்று வாழ்ந்தோரின் வீடுகளைப் பற்றி நாம் அறிவது மிகக் குறைவு. அவர்கள் தம்முள் மாண்டவரை எங்கே, எப்படி வைத்தனர் என்பதை அறிகிறோம். தமிழ்நாட்டின் பல பகுதிகளில், வாழ்ந்த ஊர் மண்ணோடு மண்ணாய் மறைந்த பின்னும், இறந்தாரின் நிலமே வரலாற்றுக்குச் சான்றாக எஞ்சி நிற்கிறது.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 1792ஆம் ஆண்டில் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலம் சீமையையும் ஆங்கிலக் கும்பினியாரிடம் விட்டுக்கொடுத்தார். அலெக்சாந்தர் ரீடு என்ற இராணுவ அதிகாரி நிருவாகத்தை ஏற்றார். பின்னாளில் சென்னைக் கவர்னராக விளங்கிய தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளர்களுள் ஒருவர். நிலத்தை அளந்து, உழவனோடு நேரே வரி பேசும் ரயத்துவாரி முறை இவர்கள் கையில் உருப்பெற்றது. ஆனால் பத்து ஆண்டு கழிவதற்குள் கும்பினியார் மனம் மாறினர். வங்காளத்தைப் போல இங்கும் நிலையான ஜமீன் முறை வேண்டும் என்று சேலம் ஜில்லாவைத் துண்டு துண்டாகப் பிரித்து ஏலம் விட்டனர். அத்துண்டுகளுக்கு மிட்டா என்று பெயர், எடுத்தவர் மிட்டாதார். சேலம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் இன்றும் அச்சொற்களைக் காணலாம். மிட்டாதார் பலர் அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டிய தொகையைச் செலுத்த இயலாமல் மிட்டாக்களை இழந்தனர். அவை சர்க்கார் வசம் திரும்பின. எஞ்சியவை ஒன்றரை நூற்றாண்டு நிலைத்தன.

மிட்டா ஊர்களில் பொது நிலத்தின் மீது மிட்டாதாரின் கை ஓங்கியிருந்தது. 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் இந்த நிலைமைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஜமீன், மிட்டா நிலங்களிலிருந்த பொதுநிலம், புறம்போக்கு, தரிசு, மேய்ச்சல் தரை, ஏரி ஆகிய எல்லாம் அரசாங்கத்துக்கு உரியவையாயின. பத்து ஆண்டு கழித்து வந்த பஞ்சாயத்துச் சட்டம் அவற்றுள் ஆறு வகையின் மேற்பார்வையைக் கிராமத்தார் தேர்ந்தெடுத்த மன்றத்தின் கையில் வைத்தது. தொடக்கத்தில் கூறிய வரிசையின் பொருள் இப்போது விளங்கும். தனியொருவரின் தயவில் இருந்த நிலம் ஊராரின் உரிமையாக மாறியதைக் குறிக்கும் வரிசை அது.

நகரங்களின் கதை வேறு. 1865ஆம் ஆண்டில் சென்னை இராஜதானியில் நகர அபிவிருத்திச் சட்டம் ஒன்று பிறந்தது. அடுத்த ஆண்டே சேலத்துக்கு நகரசபை அமைந்தது. தெருவைப் பெருக்குதல், சாக்கடை கட்டுதல், நோயைத் தடுத்தல் ஆகிய வேலைகளோடு மயானங்களைக் கண்காணிப்பதும் நகரசபைகளின் வேலையாயிற்று. அக்காலத்து ஆங்கில அதிகாரிகளுக்கு இதில் தனிக் கவலை இருந்தது. அவர்களுடைய நாட்டு அனுபவம் அப்படி.

ஐரோப்பாவில் மாதாகோவிலைச் சுற்றியே பிணம் புதைப்பது நெடுநாள் வழக்கம். மக்கள் பெருகப் பெருக, நகரத்தின் நடுவிலேயே சவக்குழிகள் அடுக்கடுக்காக நிறைந்தன. பாரிஸ் நகரத்தில் இன்னொசென்ட்ஸ் என்ற பழைய இடுகாட்டை 1780ஆம் ஆண்டில் மூடினர். 1804இல் நகருக்கு வெளியே பேர் லாஷேஸ் என்ற புதிய இடுகாட்டைத் திறந்தனர். இலண்டனில் எட்வின் சாட்விக் 1843ஆம் ஆண்டில் நகரத்து அடக்கங்களைப் பற்றி அளித்த அறிக்கை பலரையும் திடுக்கிடச் செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் வாந்திபேதியும் சேர்ந்துகொள்ள, இடுகாட்டுப் பொறுப்பைப் பொதுமன்றங்களிடம் ஒப்படைக்கும் சட்டங்கள் பிறந்தன. அமெரிக்காவில் போஸ்டன் அருகே 1831இல் அமைந்த மவுண்ட் ஆபர்ன் இடுகாட்டில் மரமும் குளமும் மேடும் பள்ளமுமாக அழகு செய்திருந்தார்கள். ஓய்வு நாளில் உலாவுவதற்கு மக்கள் அங்கே திரளாகச் சென்றனர். உலாவுவதற்கு இடுகாடு வேண்டியிருக்கிறதே, உயிரோடிருப்பவர்க்கென்று ஒரு சோலை வேண்டாமா என்ற எண்ணம் அதிலிருந்து வளர்ந்தது; நியூயார்க் நகரின் பெரிய பூங்கா அதன் பின்னரே தோன்றியது. இங்கிலாந்தில் 1884ஆம் ஆண்டுச் சட்டம், கைவிடப்பட்ட இடுகாட்டின் மேல் கட்டடம் எழுப்பலாகாது என்று தடுத்தது; 1906ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய நிலங்களை நகர மன்றங்கள் ஏற்றுத் தோட்டங்களாகப் பேணுவதற்கு வழி செய்தது.

நம் ஊர்களிலோ மயானம் முதலிலிருந்தே ஊருக்குப் புறத்தே, பெரும்பாலும் ஆற்றங்கரையிலோ ஓடைக்கரையிலோ அமைந்திருந்தது. ஆகவே இங்கே பிணம் ஊருக்குள் வந்ததன்று சிக்கல். ஊர் மயானத்துக்கு வந்ததே சிக்கல். சேலத்தின் ஊடே ஓடும் திருமணிமுத்தாற்றின் இரு மருங்கிலும் நகரம் பரந்தது. நேற்று எல்லைக்கு அப்பால் இருந்த இடம் இன்று நான்கு தெருக்களுக்கு நடுவே நிற்கிறது. வீட்டுமனை வாங்கிக் குடியேறியவர், ‘புகை வருகிறது, சுடுகாட்டை அகற்றுங்கள்’ என்று மனுக் கொடுக்கிறார். சுடுகாடு அவருக்கு முன்பே அங்கு இருந்தது என்பது நகரசபைக்குத் தெரியும்; அவருக்கும் தெரியும்.

இந்நிலத்தின் நிருவாகம் எத்துணை இன்றியமையாதது என்பதை 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சம் காட்டியது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் கூறிவந்தது அதுவே. 1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் பழைய சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை 19 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. 1881இல் அது ஏறக்குறைய 16 இலட்சமாகச் சுருங்கிவிட்டது. மாண்டவர் எத்தனை பேர், பிழைப்புத் தேடிப் பெயர்ந்தவர் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்வது கடினம். சாலையோரத்தில் விழுந்தவரை யார் எடுத்து அடக்கம் செய்வது? உறவினர் இல்லாதபோது அது ஊராட்சியின் கடமையே ஆகும். உரிமை கோருவார் அற்ற உடலை அடக்கம் செய்வது இன்றளவும் நகராட்சிகள் ஓசையின்றிச் செய்துவரும் வேலைகளுள் ஒன்று.

1920ஆம் ஆண்டின் ஜில்லா முனிசிபாலிட்டிகள் சட்டம் இவ்வேலைக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தது. ஒவ்வொரு மயானமும் நகரசபைப் பதிவேட்டில் ஏற வேண்டும். புதிதாக ஒன்றை ஏற்படுத்த அனுமதி வேண்டும். போதிய இடம் இல்லாவிடில் நகரசபையே தன் செலவில் இடம் தேட வேண்டும். சுகாதாரத்துக்குக் கேடு விளைவிக்கும் மயானத்தை மூடலாம். கிராமங்களுக்கென 1999இல் வந்த விதிகள், குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஊற்றிலிருந்தும் 90 மீட்டர் தூரத்துக்குள், உரிமம் பெற்ற இடத்தில் அன்றிப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்கின்றன. இவையெல்லாம் தேவையானவை, நன்மையானவை. ஆனால் பதிவேடும் அளவுக்கோலும் தொடாத கேள்வி ஒன்று உண்டு. அந்த நிலத்துக்குப் போகும் பாதை யாருடையது?

சேலத்து வரலாற்றில் இக்கேள்விக்குத் தனி இடம் உண்டு. இராஜாஜி சேலத்தில் வழக்கறிஞராக இருந்தபோது 1911இல் நகரசபை உறுப்பினரானார். 1917 முதல் 1919 வரை அதன் தலைவராக இருந்தார். தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்களிலிருந்து ஒருவர் முதன்முதலாக அச்சபையில் உறுப்பினரானது அவருடைய முயற்சியால்தான். பின்னர் 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவித் தீண்டாமை ஒழிப்பையும் கதர்ப்பணியையும் மேற்கொண்டார். அவர் சென்னை இராஜதானியின் பிரதமராக இருந்த காலத்தில், 1938ஆம் ஆண்டில், எம். சி. இராஜா கொண்டுவந்த சட்டம் ஒன்று நிறைவேறியது. பொது நீர்நிலை, பொதுப்பாதை முதலியவற்றை ஒருவருக்குச் சாதி காரணமாக மறுப்பது குற்றம் என்று அச்சட்டம் கூறியது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் வெளிப்படையாகப் பேசியது. நீர்த்துறை, கிணறு, சாலை என்னும் பட்டியலில் இடுகாட்டையும் சுடுகாட்டையும் பெயர் சொல்லிச் சேர்த்தது.

சட்டம் சொன்னதும் ஊர் கேட்டதும் ஒன்றல்ல. தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் சாதிக்கு ஒரு மயானம் இருக்கிறது. ஒன்றுக்குச் சுற்றுச்சுவரும் தண்ணீர்த் தொட்டியும் தகனக் கொட்டகையும் உண்டு. மற்றொன்றுக்கு எல்லைக்கல் மட்டும் உண்டு. அதையும் சில சமயம் தேட வேண்டும். குழி வெட்டுவதும் சிதை மூட்டுவதும் பரம்பரையாக ஒரு சாரார் தலையிலேயே சுமத்தப்பட்டு வந்திருக்கின்றன. ஊராட்சி மன்றம் பொதுப்பணத்தைக் கொண்டு இம்மயானங்களைத் தனித்தனியே பழுதுபார்த்துக் கொடுக்கும்போது, பிரிவினைக்குச் சுண்ணாம்பு அடித்துப் புதுப்பிக்கும் வேலையையும் தன்னை அறியாமல் செய்துவிடுகிறது.

பாதை இல்லாத மயானத்தின் நிலைமை எப்படி இருக்கும் என்பதை 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாடு முழுவதும் கண்டது. வாணியம்பாடிக்கு அருகே நாராயணபுரத்தில், பட்டா நிலத்தின் வழியே செல்ல இடம் கிடைக்காததால், தலித் மக்கள் தம்மவர் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி ஆற்றில் இறக்கிச் சுடுகாட்டுக்கு எடுத்துச் சென்றனர். சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. அங்கே மயானம் இல்லாமல் இல்லை. அதற்குச் செல்லும் வழிதான் வேலிக்குள் அகப்பட்டிருந்தது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் அதே நீதிமன்றம் மற்றொரு வழக்கில், சாதிப் பெயர் தாங்கிய மயானப் பலகைகளை அகற்றி எல்லோருக்கும் பொதுவான மயானங்களை ஏற்படுத்த வேண்டும் என்று அறிவுறுத்தியது. சாதி வேறுபாடின்றி ஒரே மயானத்தைப் பயன்படுத்தும் சிற்றூர்களுக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்கும் திட்டத்தை அரசாங்கமும் அறிவித்தது. பரிசு கொடுத்து ஊக்க வேண்டிய நிலையில் இது இருக்கிறது என்பதே நம் சமுதாயத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறது.

சாதி ஒன்றே வழியை மறிக்கும் என்பதும் இல்லை, அச்சமும் மறிக்கும். 2020ஆம் ஆண்டு ஏப்ரலில், கொரோனா நோயால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் தடுத்தது. அம்மாத இறுதிக்குள்ளாகவே தமிழ்நாட்டில் அவசரச் சட்டம் வந்தது. தொற்றுநோயால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுப்போருக்குக் குறைந்தது ஓராண்டு, கூடினால் மூன்றாண்டு சிறை என்று அது விதித்தது. நோயாளியைக் காத்தவருக்கு ஆறடி நிலம் பெற்றுத் தருவதற்கு அவசரச் சட்டம் தேவைப்பட்டது.

இனித் தோப்பின் பக்கம் திரும்புவோம். ஊராட்சிச் சட்டம் கடமைகளை இரண்டாகப் பகுக்கிறது. மயானத்தை ஏற்படுத்திப் பேணுவது கட்டாயக் கடமை. சாலையோரத்தில் மரம் நடுவதும், பூங்காவும் விளையாட்டிடமும் அமைப்பதும் வசதியிருந்தால் செய்யலாம் என்னும் வகை. வானொலி கேட்போர்க்கு இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. பஞ்சாயத்து வானொலிப் பெட்டி வைப்பதையும் பூங்கா அமைப்பதையும் சட்டம் ஒரே உட்பிரிவில் சேர்த்து எழுதியிருக்கிறது. மாலை வேளையில் பஞ்சாயத்துப் பூங்காவின் ஒலிபெருக்கியைச் சுற்றி ஊரே கூடியிருந்த காலம் அந்த உட்பிரிவுக்குள் உறங்குகிறது.

கட்டாயம் இல்லாத கடமையின் கதி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் சாலைமரங்கள் நெடுங்காலம் நன்றாகவே காக்கப்பட்டன. அதற்குக் காரணம் அழகுணர்ச்சி அன்று, புளியம்பழம். ஜில்லா போர்டுகளும் தாலூகா போர்டுகளும் சாலையின் இருபுறமும் புளிய மரங்களை வளர்த்தன. அவற்றின் காய்ப்பை ஆண்டுதோறும் ஏலம் விட்டு வருமானம் பெற்றன. ஏலம் எடுத்தவர் காவல் காத்தார். மரத்துக்கு எண் இருந்தது. கணக்கில் பெயர் இருந்தது. ஆகவே மரம் இருந்தது. சாலைகள் அகன்றபோது அம்மரங்களில் பல வீழ்ந்தன. அவற்றுக்கு ஈடாக நடப்படும் அரளிச் செடி காய்ப்பதும் இல்லை, வழிப்போக்கனுக்கு நிழல் தருவதும் இல்லை. இதனால் மாணவர்கள் ஒன்றை உணரலாம். பொதுப்பொருள் பிழைத்திருப்பதற்கு அன்பு மட்டும் போதாது. அதற்கு ஒரு கணக்கு வேண்டும்.

பூங்காக்களைப் பொறுத்தவரை அந்தக் கணக்கை ஏற்படுத்தவே 1959ஆம் ஆண்டில் தனிச் சட்டம் ஒன்று வந்தது. பூங்கா, விளையாட்டிடம், திறந்தவெளி ஆகியவற்றின் பட்டியலைப் படங்களோடு ஸ்தல ஸ்தாபனங்கள் தயாரிக்க வேண்டும். பட்டியலில் ஏறிய இடத்தை அரசாங்கத்தின் இசைவின்றி வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது என்பது அதன் சாரம். பிற்காலத்து நகரமைப்பு விதிகள், பெரிய மனைப்பிரிவு அமைப்போர் சாலை நீங்கலான பரப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்கைப் பொதுவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றன. எழுதிக் கொடுப்பார்கள். அதன்பின் அவ்விடத்தில் நீர்த்தொட்டி வரும், பிள்ளையார் வருவார், பின்னர் ஒரு கடையும் வரும். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற மாநில அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நீதிமன்றமே ஆணையிட்டது.

நம் சமவெளியில் மக்களே முன்வந்து மீட்ட இடமும் உண்டு. சேலத்தை அடுத்த கன்னங்குறிச்சியில் மூக்கனேரி என்ற ஏரி சீர்கெட்டுக் கிடந்தது. 2010ஆம் ஆண்டளவில் நகர மக்கள் சிலர் ஒன்றுகூடி அதைத் தூர்வாரினர். எடுத்த மண்ணை வெளியே கொண்டுசெல்லாமல் ஏரிக்குள்ளேயே சிறு சிறு திட்டுகளாகக் குவித்து மரம் நட்டனர். இன்று அத்திட்டுகளில் பறவைகள் கூடு கட்டுகின்றன. அரசாங்கத்தின் அனுமதி, மக்களின் பணம், உடலுழைப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே சேர்ந்தபோது விளைந்த காரியம் இது.

மயானமும் பொதுவெளியே என்பதைச் சேலத்து மக்கள் ஆண்டுக்கு ஒருநாள் கண்கூடாகக் காட்டுகிறார்கள். மாசி மாதத்து மயானக் கொள்ளைத் திருவிழாவில் அங்காளம்மன் வேடம் தாங்கியோர் காக்காயன் சுடுகாட்டுக்கு ஊர்வலமாக வருவர். ஆண், பெண், குழந்தை என்று பெருங்கூட்டம் அங்கே நிறைந்துவிடும். மற்ற நாட்களில் திரும்பிப் பார்க்கவும் அஞ்சும் இடத்தில் அன்று பொரி கடலையும் பலூனும் விற்பனையாகும்.

பள்ளி, கல்லூரி மாணவர்கள் தம் ஊரைப் பற்றி இவ்வகையில் அறிய விரும்பினால் கிராம நிருவாக அலுவலரிடம் இரண்டு பொருள்களைக் கேட்டுப் பார்க்கலாம். ஒன்று, அ-பதிவேடு. சர்வே எண்வாரியாக ஊரின் ஒவ்வொரு நிலமும் அதில் உண்டு. மயானம், தோப்பு, மந்தை, களம் ஆகியவற்றின் பரப்பும் உண்டு. மற்றொன்று கிராம வரைபடம். அதில் வண்டிப்பாதையையும் ஒற்றையடிப்பாதையையும் புள்ளிக் கோடுகளால் குறித்திருப்பார்கள். மயானத்தின் எண்ணைப் பதிவேட்டில் கண்டு, அதை வரைபடத்தில் தேடி, அங்கிருந்து ஊர்த்தெருவுக்கும் காலனித் தெருவுக்கும் அந்தப் புள்ளிக் கோடு வந்து சேர்கிறதா, நடுவில் பட்டா நிலத்தின் எல்லையில் நின்றுவிடுகிறதா என்று விரலை வைத்துப் பார்க்கலாம்.